ஆற்றோரப் பாதை என்றால் சமதளமா? செலே பள்ளத்தாக்கு பற்றி ஒரு கேள்வியும் என் தொடர் பதில்களும்

கேள்வி, 2 மார்ச் 2025

ஜூன் முதல் வாரம் பிரான்ஸ் வருகிறோம். எனக்கு 58, மனைவிக்கு 54. கோவையில் தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறோம். பாரிஸில் நான்கு நாள் போதும், மீதி நாள்களில் கிராமப்புறமாக நடக்க ஆசை. மலை ஏற்றம் வேண்டாம் என்பதால் தெற்கே லோ மாவட்டத்தில் செலே என்ற சின்ன ஆற்றின் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன், ஜி.ஆர். 651 என்று எண்ணிட்ட நெடுந்தூர நடைபாதை. ஆற்றோரம்தானே, சமதளமாகத்தான் இருக்கும், வழிகாட்டி இல்லாமலே போய்விடலாம் என்கிறேன். மனைவி நம்பவில்லை. நாங்கள் சைவம். நடந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

2 மார்ச், இரவு

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் தடவை நானும் உங்களை மாதிரியேதான் நினைத்தேன். வரைபடத்தில் ஆறு வளைந்து வளைந்து போகிறது, பாதையும் கூடவே போகிறது, ஊர்கள் எல்லாம் தண்ணீர் ஓரத்தில் இருக்கின்றன, அப்புறம் என்ன ஏற்றம் இருக்கப்போகிறது என்று. எஸ்பாஞாக் என்ற ஊரில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பாதை ஆற்றைப் பார்க்காமல் பாறைச் சரிவில் ஏறுகிறது. மேலே போனதும் ஒரு மேட்டுநிலம், குட்டை ஓக் மரக் காடு, கீழே எங்கோ ஆறு. அரை மணி நேரம் அங்கே நடந்தபின் மறுபடி கிடுகிடுவென்று இறக்கம். ஊர் வருகிறது, தண்ணீர் குடிக்கிறீர்கள், ஊர் முடிந்ததும் மறுபடி ஏற்றம். மூன்று நாளும் இதே கதைதான்.

ஒவ்வொரு ஏற்றமும் 150 மீட்டர், 200 மீட்டர். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை ஏறும்போதுதான் தெரியும்.

3 மார்ச்

இரண்டு திருத்தம்.

ஒன்று, லோ இல்லை, லொத். பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்து நானும் பல வருடம் லோ என்றேதான் சொல்லிக்கொண்டிருந்தேன், காஓர் ரயில் நிலையத்தில் ஒரு பெரியவர் சிரித்துத் திருத்தும் வரை. லொத் ஆற்றுக்கும் அதன் பெயரில் உள்ள மாவட்டத்துக்கும் கடைசி 'த்' உண்டு. பக்கத்தில் உள்ள பூஸியெஸ் ஊரிலும் கடைசி 'ஸ்' கேட்கும். தெற்கத்திக்காரர்கள் எழுதியதைப் பாதியாவது உச்சரிப்பார்கள், அதற்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும்.

இரண்டு, நேற்று நான் எழுதியதைப் படித்தால் இமயமலை மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. தினமும் ஆறு கிலோமீட்டர் நடப்பவர்களால் முடியும். ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் என்று திட்டம் போடாதீர்கள், 14, 15 போதும். ஃபிஜாக்கில் தொடங்கி காஓர் வரை நிதானமாக ஆறு நாள் எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். அங்கே கிலோமீட்டரைவிட ஏற்றத்தைத்தான் கணக்கு பார்க்க வேண்டும். இறக்கத்தில் முழங்காலுக்கு வேலை அதிகம், அதனால் ஊன்றுகோல் ஒரு ஜோடி கொண்டுபோங்கள். நான் முதல் தடவை அதெல்லாம் வயசானவர்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து ஒரு வாரம் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன்.

5 மார்ச்

சரி, பாதை ஏன் ஆற்றோரமாகப் போகாமல் மேலே ஏறுகிறது? இதைப் பலர் தனிமடலில் கேட்கிறார்கள், இங்கேயே எழுதுகிறேன்.

பாறை ஒரு காரணம். செலே சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்தை அறுத்துக்கொண்டு போகிற ஆறு. சில இடங்களில் செங்குத்துப் பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு ரோட்டுக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது, அதை ரோடு எடுத்துக்கொண்டது. காரோடு காராக நடக்க யாருக்கும் விருப்பமில்லை.

இன்னொரு காரணம் சட்டம். எனக்கு இதுதான் சுவாரசியம். பிரான்ஸில் பெரிய ஆறுகள், அதாவது ஒரு காலத்தில் படகு ஓடிய, அரசுடைமையான ஆறுகள் என்றால் கரையோரம் 3.25 மீட்டர் அகலத்துக்கு நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டும், கரை நிலம் யாருடையதாக இருந்தாலும். சின்ன ஆறுகளில் அந்தப் பேச்சே இல்லை. ஆற்றின் நடுக்கோடு வரை படுகை இந்தக் கரைக்காரருக்கு, நடுக்கோட்டுக்கு அப்பால் அந்தக் கரைக்காரருக்கு. தண்ணீர் எல்லாருக்கும் பொது, அதன் அடியில் உள்ள மண் பட்டா நிலம். அதனால் பாதை போடுகிறவர்கள் ஏற்கெனவே பொதுவில் இருக்கிற பழைய வழிகளைத் தேடுகிறார்கள். அந்தப் பழைய வழிகள் எல்லாம் ஆட்டை மேலே ஓட்டிப்போன வழி, கோவேறு கழுதையில் மூட்டை ஏற்றிப்போன வழி. அவை கீழே ஊரில் இருந்து மேலே மேய்ச்சல் நிலத்துக்குத்தான் போகும். ஆற்றங்கரையில் உலாவ வேண்டும் என்று அந்தக் காலத்தில் எந்த விவசாயிக்குத் தோன்றியிருக்கும்?

ஆக நீங்கள் நடப்பது ஆற்றின் பாதை இல்லை, ஆட்டின் பாதை. (எதுகைக்காக எழுதியது, மன்னிக்கவும்.)

5 மார்ச், பின்னிரவு

ஒரு விதிவிலக்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். செலே லொத்தில் கலக்கிற பூஸியெஸ் பக்கம், லொத் கரையில் பாறையைக் குடைந்து போட்ட பாதை ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகைக் கயிறு கட்டி இழுத்துப்போக வெட்டியது. ஒரு பக்கம் தண்ணீர், தலைக்கு மேல் பாறை வளைந்து குடை பிடிக்கிறது. காஓர் திராட்சை மது படகேறி போர்தோ போன காலத்து வழி. இங்கேதான் நீங்கள் கற்பனை செய்கிற சமதள ஆற்றோர நடை, நடுவில் பாறையில் செதுக்கிய நவீன சிற்பம் ஒன்றும் உண்டு. மழை பெய்து ஆறு ஏறியிருந்தால் மட்டும் யோசித்துப் போங்கள்.

அந்தப் பாதை முடிந்ததும் சென் சிர் லாபோபி ஊருக்கு ஏற வேண்டும். செங்குத்து.

8 மார்ச்

வழிகாட்டி தேவையா என்ற கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. தேவையில்லை. வழிகாட்டி மரத்தில் இருக்கிறார்.

வெள்ளைக் கோடு மேலே, சிவப்புக் கோடு கீழே, உள்ளங்கை அளவு: அதுதான் ஜி.ஆர். அடையாளம். மரத்தில், சுவரில், கல்லில், சில சமயம் குப்பைத் தொட்டியில்கூட இருக்கும். கோடுகளுக்குக் கீழே வளைந்த அம்பு இருந்தால் திரும்ப வேண்டும். வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கொண்டால் அது உங்கள் வழி இல்லை. மஞ்சள் ஒற்றைக் கோடு அந்தந்த ஊரின் சிறு நடைச் சுற்று, காலையில் கிளம்பி மாலையில் திரும்புகிற மாதிரி. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்திருந்தால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பெரிய சுற்று.

இந்தக் கோடுகளைப் போடுவது அரசு ஊழியர்கள் இல்லை. நடைப்பயணச் சம்மேளனத்தின் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், ஒரு டப்பா பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு போவார்கள். ஜான் லுவாஸோ என்ற கட்டடக் கலைஞர் கிளப்பிவிட்ட யோசனை இது, 1947-இல் ஓர்லெயான் பக்கம் லுவார் ஆற்றோரம் முதல் துண்டு போட்டார்கள். அதாவது பிரான்ஸின் முதல் ஜி.ஆர். பாதையே ஓர் ஆற்றங்கரைப் பாதைதான். ஆனால் லுவார் பெரிய ஆறு, மூன்று நாள் முன்னால் நான் எழுதிய 3.25 மீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் அடித்து வழிகாட்டுவது அதற்கும் நூறு வருடம் முந்தைய பழக்கம். பாரிஸ் பக்கத்து ஃபோந்தேன்ப்ளோ காட்டில் தெனெகூர் என்ற நெப்போலியன் படையின் பழைய சிப்பாய் 1840-களிலேயே நீலக் கோடு போட்டு நடைபாதை அமைத்தார். இன்றும் அங்கே நீலக் கோடுதான்.

9 மார்ச்

"அடையாளத்தைப் பார்த்துப் போனால் தொலையவே முடியாது போலிருக்கிறதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முடியும். நான் தொலைந்திருக்கிறேன், அதுவும் அடையாளத்தைப் பார்த்துக்கொண்டே.

பெதுயேர் ஊர்ப் பக்கம் ஜி.ஆர். 65-இல் இருந்து 651 பிரிகிறது. 65 என்பது லெ புய் ஊரில் தொடங்கி ஸ்பெயின் எல்லை வரை போகிற பாதை, அங்கே சந்தியாகோ தேவாலயத்துக்கு நடக்கும் கிறிஸ்தவ யாத்ரீகர்களுடையது. 651 அதன் கிளை. இரண்டுக்கும் அதே வெள்ளை, அதே சிவப்பு. பிரியும் இடத்தில் பலகை இருந்தது, நான் அந்த நேரத்தில் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். கோடு தெரிகிறது, கோட்டைப் பார்த்து நிம்மதியாக நடக்கிறேன், ஒரு மணி நேரமாகியும் ஆற்றைக் காணோம். எதிரே வந்த யாத்ரீகப் பெண்மணி சொன்னபிறகுதான் நான் கஜார்க் பக்கம் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. திரும்பி வந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு காட்டில் மரம் வெட்டுகிறவர்கள் வெட்ட வேண்டிய மரத்துக்கும் பெயிண்ட் வைப்பார்கள். ஒரு சிவப்புப் பொட்டு, ஓர் ஆரஞ்சுக் கோடு. வெள்ளை இல்லாத சிவப்பை நம்பிப் போனால் மரக்கட்டை அடுக்கியிருக்கும் இடத்தில் போய் நிற்பீர்கள்.

பதினைந்து நிமிடமாக அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த இடத்துக்குத் திரும்புங்கள். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்பதுதான் ஆபத்தான வாசகம். கைப்பேசியில் வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கைவிடும். பிரெஞ்சு அரசு வரைபட நிறுவனமான ஐ.ஜி.என்.னின் 1:25,000 காகித வரைபடமும் ஒன்று வாங்கினால் நல்லது. எனக்கு அதை இரவில் விரித்துப் பார்ப்பது நடப்பதில் பாதி சந்தோஷம்.

15 மார்ச்

காடு பற்றி.

படங்களில் பார்த்துவிட்டு "ஆதிகாலத்துக் காடு" என்று ஒருவர் எழுதியிருந்தார். இல்லை. மேலே அந்த ஓக் காட்டுக்குள் நடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போங்கள். கல் சுவர், சாந்து இல்லாமல் அடுக்கிய சுவர், காட்டுக்கு நடுவே யாருக்காகவோ நீண்டுகொண்டே போகும். காட்டுக்குள் எதற்கு வேலி? அது ஒரு காலத்தில் காடு இல்லை. மேய்ச்சல் நிலம், திராட்சைத் தோட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி திராட்சைக் கொடியின் வேரைத் தின்று தீர்த்தது, ஜனங்கள் ஊரை விட்டுப் போனார்கள், ஓக்கும் ஜூனிப்பரும் வந்து உட்கார்ந்துகொண்டன. கூம்பு மாதிரிக் கூரை போட்ட சின்னக் கல் குடிசைகளும் அங்கங்கே நிற்கும், இடையர்களும் தோட்டக்காரர்களும் மழைக்கு ஒதுங்கியவை. ஒரு மழை நாளில் அதற்குள் உட்கார்ந்து ரொட்டியும் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டேன். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, ஆனால் ஒரு சொட்டு ஒழுகவில்லை. சாந்தே இல்லாமல்.

எனக்கு அந்தச் சுவர்களைப் பார்த்தால் ஊர் நினைவு வரும் என்று எழுதத் தோன்றுகிறது, பொய். எங்கள் ஊர்ப் புதுச்சேரியில் கல் சுவரே கிடையாது.

16 மார்ச்

நேற்று எழுதாமல் விட்டது: அந்தக் காட்டில் ஓக் மரத்தடியில் எதையும் தோண்டாதீர்கள். மண்ணுக்கடியில் ட்ரஃபிள் என்ற விலையுயர்ந்த காளான் விளைகிற வட்டாரம், மரங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பிரான்ஸில் காட்டில் முக்கால் பங்கு தனியாருடையது. இது நம் ஆள்கள் பலருக்குத் தெரியாது, காடு என்றாலே வனத்துறை என்று நினைப்போம்.

2023 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்தது. காட்டைச் சுற்றி விலங்குகள் போக முடியாதபடி பெரிய வேலி போடுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். நல்லதுதான். ஆனால் அதோடு பேரம் மாதிரி இன்னொன்றும் சேர்த்தார்கள்: தனியார் இடம் என்று பலகை வைத்திருக்கும் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் அபராதம், சாதாரணமாக 135 யூரோ. அடையாளமிட்ட பாதையில் இருக்கும் வரை உங்களுக்குக் கவலை இல்லை. நான் முன்பெல்லாம் குறுக்கு வழி கண்டால் விடமாட்டேன். இப்போது கோட்டை விட்டு விலகுவதில்லை. 135 யூரோ ஒரு காரணம், மாநிறத்து ஆள் ஒருவன் தனியாக வேலிக்குள் நிற்பதை விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை என்பது இன்னொன்று. இதுவரை யாரும் கேட்டதில்லை, எதிரே வருபவர்கள் எல்லாரும் "போன்ஜூர்" சொல்கிறார்கள், நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

இலையுதிர்காலத்தில் வருபவர்களுக்கு: செப்டம்பரில் இருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைப் பருவம். பாதையோரம் வேட்டை நடக்கிறது என்று பலகை வைப்பார்கள். நானும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பரும் நவம்பரில் ஒரு தடவை மாட்டிக்கொண்டோம். ஆரஞ்சுச் சட்டை போட்ட வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மரியாதையாகச் சொன்னார்: பாதையை விட்டு விலகாதீர்கள், சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். இரண்டு தமிழர்களிடம் சத்தமாகப் பேசச் சொன்னால் கேட்க வேண்டுமா? இடியாப்பத்துக்கு சொதியா, தேங்காய்ப் பாலா என்று நாற்பது நிமிடம் கத்திக்கொண்டு போனோம். அந்தப் பள்ளத்தாக்கில் அன்று காட்டுப்பன்றி எதுவும் மிஞ்சியிருக்காது, எல்லாம் அடுத்த மாவட்டத்துக்கு ஓடியிருக்கும்.

நீங்கள் ஜூனில் வருவதால் துப்பாக்கியைவிட உண்ணிதான் விஷயம். புல்லில் உட்கார்ந்து எழுந்தால் கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். மருந்துக்கடையில் உண்ணியைப் பிடுங்க சின்னக் கொக்கி விற்பார்கள், வாங்கி வையுங்கள். கடித்த இடத்தில் சில நாள் கழித்து சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும், ஆறிவிடும் என்று விடாதீர்கள்.

23 மார்ச்

சாப்பாடு. இதற்குத்தான் எல்லாரும் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அந்த வட்டாரம் வாத்து வட்டாரம். வாத்துத் தொடை, வாத்து ஈரல், வாத்துக் கொழுப்பில் பொரித்த உருளைக்கிழங்கு. கடைசியில் சொன்னதுதான் ஆபத்து, பார்க்க சைவமாகவே இருக்கும். ஜீத் என்று சொல்கிற நடைப்பயணிகள் விடுதியில் ராத்திரி சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசையில், ஒரே பானையில் இருந்து. இடம் பதிவு செய்ய ஃபோன் பண்ணும்போதே சொல்லிவிட வேண்டும். "சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது, மீன் வைத்துவிடுவார்கள். இறைச்சி இல்லை, மீன் இல்லை, பன்றித் துண்டு தூவுவதும் இல்லை என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள், அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், ஃபோனிலேயே தெரியும். எனக்கு மூன்று ராத்திரி மூன்று ஆம்லெட்.

பாலாடைக்கட்டி, வால்நட், லெ புய் பச்சைப் பருப்பு எல்லாம் உண்டு. பருப்பு கிடைத்த அன்று நான் பையில் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலை எடுத்தேன், மேசையில் இருந்த ஆறு பேரும் கேட்டு வாங்கினார்கள், ஒருவர் மட்டும் இரண்டாம் முறை கேட்டார்.

கடைகள் விஷயத்தில் ஏமாறாதீர்கள். மத்தியானம் மூடுவார்கள், ஞாயிறு பிற்பகல் மூடுவார்கள், திங்கள் நிறைய இடங்களில் முழுநாளும் மூடல். சில ஊரில் கடையே இல்லை. கையில் ஒரு வேளைச் சாப்பாடு எப்போதும் இருக்கட்டும்.

24 மார்ச்

தண்ணீரைச் சொல்லாமல் விட்டேன், சாப்பாட்டைவிட அது முக்கியம். மேட்டுநிலத்தில் தண்ணீர் கிடையாது. சுண்ணாம்புப் பாறை பெய்த மழையை எல்லாம் அப்படியே கீழே விட்டுவிடுகிறது, மேலே ஓடையே இருக்காது. ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும்.

ஊரில் எங்கே பிடிப்பது? கல்லறைத் தோட்டத்தில். சிரிக்காதீர்கள். பூச்செடிகளுக்கு ஊற்ற எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் குழாய் உண்டு, நீண்டதூரம் நடப்பவர்கள் எல்லாரும் அங்கேதான் நிரப்புகிறார்கள். முதல் தடவை என்னால் முடியவில்லை. தாகம் தொண்டையைப் பிடிக்கிறது, குழாய் முன்னால் நிற்கிறேன், பாட்டிலைத் திறக்கக் கை வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வீட்டுக்குள் விடமாட்டாள். மூன்றாம் நாள் பிடித்தேன், குடித்தேன், நல்ல தண்ணீர். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

24 மார்ச், கொஞ்சம் கழித்து

"எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும்" என்று எழுதியது அதிகப்படி. பெரும்பாலும். அதோடு "ஓ நோன் பொதாப்ல்" என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாத தண்ணீர். பலகையைப் பார்த்துவிட்டுப் பிடியுங்கள்.

6 ஏப்ரல்

பையைத் தூக்காமல் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கலாம், ஒரு விடுதியில் இருந்து அடுத்த விடுதிக்குப் பையை வேனில் கொண்டுபோய்ப் போடுகிற சேவை இருக்கிறது. நான் இரண்டாம் தடவை அதைப் பயன்படுத்தினேன். ஒரு நாள் சென் சிர் என்று மட்டும் ஃபோனில் சொன்னேன். அந்த மாவட்டத்தில் சென் சிர் என்று தொடங்கும் ஊர் ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, வேன்காரருக்குத் தெரியும், ஆனால் கேட்கவில்லை. பை ஒரு சென் சிர்ரில், நான் இன்னொன்றில். ராத்திரி விடுதிக்காரம்மா கொடுத்த அவருடைய மகனின் பழைய ரக்பி சட்டையில் தூங்கினேன். ஊர்ப் பெயரை முழுசாக எழுதி, பையிலேயே கட்டிவிடுங்கள்.

விடுதியில் பையைப் படுக்கை அறைக்குள் விடமாட்டார்கள், வாசலிலேயே வைக்கச் சொல்வார்கள். அவமதிப்பு இல்லை, மூட்டைப்பூச்சிப் பயம்.

பெயர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால்: ஃபிஜாக், மார்சியாக், எஸ்பாஞாக், எல்லாம் ஏன் 'ஆக்' என்று முடிகிறது? ரோமானியர் காலத்து ஒட்டு, இன்னாருடைய நிலம் என்கிற மாதிரி அர்த்தம். வடக்கே அதே ஒட்டு தேய்ந்து 'ஈ' ஆகிவிட்டது. நம் பாக்கம், பட்டி மாதிரி. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாக்கம் பாக்கமாகக் கடப்பதுபோல இங்கே ஆக் ஆக்காகக் கடக்கிறோம்.

13 ஏப்ரல்

இன்று மழை விட்டிருந்தது, பழைய யோசனை ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பினேன். நீங்கள் பாரிஸில் நான்கு நாள் இருப்பதாகச் சொன்னீர்களே, அதில் ஒரு நாளை ஒத்திகைக்கு வையுங்கள்.

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பேலில் காலையில் தோசை சாப்பிடுங்கள். அங்கிருந்து கார் து நோர் நிலையம் நடக்கிற தூரம். ஆர்.இ.ஆர். பி ரயிலில் தெற்கே கடைசி நிறுத்தம், சென் ரெமி லெ ஷெவ்ரெஸ். 2025 ஜனவரியில் இருந்து ஒரே கட்டணம், அந்த வருடம் 2.50 யூரோ. நிலையத்தை விட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் இவெத் ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஷெவ்ரெஸ் ஊரில் கால்வாய் ஓரமாகச் சின்னச் சின்னப் பாலங்கள், பழைய சலவைத் துறைகள், தோல் பதனிடும் வேலை நடந்த வீடுகள். மேலே குன்றில் மத்லேன் கோட்டை. கவிஞர் ராஸீன் இளைஞராக இருந்தபோது 1661-இல் அந்தக் கோட்டையில் கட்டட வேலையை மேற்பார்வை பார்க்க வந்து, மனசில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரில் இப்போது போர் ருவயால் என்ற பழைய மடம் வரை பாதை போட்டிருக்கிறார்கள். வேலையில் சலித்துப்போனவன் பெயரிலும் பாதை போடுவார்கள் என்பது எனக்கு ஆறுதல்.

கோட்டைக்கு ஏறிப் பார்த்து உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். அதை மாதிரி ஒரு நாளைக்கு மூன்று, செலேயில்.

4 மே

ஜூன் முதல் வாரம் என்றீர்கள். இந்த வருடம் ஜூன் 8 பெந்தெகொஸ்தே ஞாயிறு, திங்கள் விடுமுறை. மே 29 வியாழன் விண்ணேற்ற நாள், அப்போது வெள்ளியையும் சேர்த்து நான்கு நாள் "பாலம்" போடுவார்கள், பாதி பிரான்ஸ் அந்த விடுதிகளில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே திங்கள் 2 முதல் வெள்ளி 6 வரை நடந்தால் இடம் சுலபமாகக் கிடைக்கும். ஆறு நாள் என்று சொன்னதை ஐந்தாக்கி, கடைசித் துண்டை விட்டுவிட்டுப் பேருந்தில் காஓர் போங்கள். அங்கே வலாந்த்ரே பாலத்தில் சாத்தான் சிற்பம் ஒன்று கோபுரத்தில் தொங்கும், பாலம் கட்டச் சாத்தானோடு ஒப்பந்தம் போட்ட கதை. பாலம் பதினான்காம் நூற்றாண்டு, சிற்பம் 1879-இல் பழுதுபார்த்தபோது வைத்தது. அதாவது சாத்தான் ஐந்நூறு வருடம் தாமதமாக வந்தார்.

அரை நாள் மிச்சம் இருந்தால் காப்ரெரே ஊர் அருகே பெக் மெர்ல் என்ற ஆதிகால ஓவியக் குகை. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று அளவு வைத்திருக்கிறார்கள். 1922-இல் உள்ளூர்ப் பையன்கள் இருவர் உள்ளே ஊர்ந்துபோய்க் கண்டுபிடித்தது. புள்ளி போட்ட குதிரைகள், ஏறக்குறைய 29,000 வருடம் பழசு. 1952-இல் சர்ரியலிஸ்ட் எழுத்தாளர் ஆந்த்ரே ப்ரெத்தோன் ஓவியம் அசலா என்று விரலால் தேய்த்துப் பார்த்து, வழக்காகி, அபராதம் கட்டினார். குதிரையைவிட என்னை நிறுத்தியது ஒரு மூலையில் களிமண்ணில் பதிந்திருக்கும் கால் தடம். சின்னக் கால். வெறுங்கால். நான் 180 யூரோ ஷூவோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

4 ஜூன்

கேள்வி கேட்ட கோவை சாரிடம் இருந்து நேற்று ராத்திரி ஃபோன் வந்தது, ப்ரெங் ஊரில் இருந்து. இரண்டு பேரும் நலம். சாருக்கு இடது குதிகாலில் கொப்பளம், அவர் மனைவி, அந்த அம்மாவுக்கு ஒன்றுமில்லை. ஊன்றுகோல் ஒரு ஜோடிதான் வாங்கியிருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்களாம். பெதுயேர் பிரிவில் அந்த அம்மாதான் பலகையைப் பார்த்தாராம், சார் நேராகப் போகப் பார்த்திருக்கிறார். முதல் விடுதியில் ஆம்லெட். இரண்டாம் விடுதியிலும் ஆம்லெட்.

கல்லறைத் தோட்டத்துக் குழாயில் அந்த அம்மா தயங்காமல் பிடித்துக் குடித்தாராம், சார் இன்னும் கடையில் பாட்டில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

இன்று மார்சியாக் போகிறார்கள். "இனிமேல் சமதளம்தானே?" என்று கேட்டார். சிக்னல் சரியில்லாத மாதிரி இரண்டு தடவை ஹலோ ஹலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.